டெல்டாவில் மிதித்துப் பழகிய கால்கள் இத்தாலியின் திராட்சைக் குன்றுகளில் ஏறுமா?

குடமுருட்டிக் கரை, பாபநாசம்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 54 வயது, வீட்டுக்காரிக்கு 50. இரண்டு பேருமே சைக்கிள் பிடித்தவர்கள். காலையில் ஆற்றங்கரையோடு திருவையாறு பக்கமாக மிதித்துவிட்டு வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புவோம். விடுமுறை கிடைத்தால் கும்பகோணம், மாயவரம், சில சமயம் தரங்கம்பாடி வரை போய் ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் வருவோம். தூரத்துக்குப் பயமில்லை, மேட்டுக்குத்தான் பயம். எங்கள் பக்கத்தில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம், இல்லாவிட்டால் ஆற்றுப் பாலத்தில் ஏறுகிற இடம், அவ்வளவுதான்.

மகள் போலோன்யாவில் மேற்படிப்பு படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போகும்போது அப்படியே ஒரு வாரம் பத்து நாள் சைக்கிளில் சுற்ற வேண்டும் என்று ஆசை. அவளுடைய தோழியின் ஊர் ஏட்ரியாட்டிக் கடலோரம், அங்கோனாவுக்குப் பக்கத்தில், மார்க்கே என்கிற மாநிலம். அந்தப் பெண் அனுப்பிய படங்களில் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் குன்று குன்றாகத் திராட்சைத் தோட்டம், நடுவில் வளைந்து வளைந்து ஒரு சின்னத் தார்ச்சாலை. படத்தைப் பார்த்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஆனால் அந்தச் சாலை எவ்வளவு செங்குத்து என்பது படத்தில் தெரியவில்லை.

என் சந்தேகங்கள்: சமவெளியிலேயே மிதித்த எங்களுக்கு இது முடியுமா, முடியும் என்றால் எப்படிப் பழக வேண்டும்? சொந்த சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? வீட்டுக்காரிக்கு முழங்கால் கொஞ்சம் தொந்தரவு, அவளுக்கு மட்டும் பேட்டரி சைக்கிள் வைத்துக்கொள்ளலாமா? நாங்கள் சைவம், மதுவும் தொடுவதில்லை, திராட்சை மது ஊரில் எங்களுக்கு என்ன வேலை என்று மைத்துனர் கேட்கிறார், அதற்கும் பதில் வேண்டும். நிலம் இருப்பதால் ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்குள் ஊர் திரும்பியாக வேண்டும். செப்டம்பரில் குறுவை அறுவடை, சம்பா நாற்றங்கால் என்று அசைய முடியாது. அதனால் மே மாதம்தான்.

அரசலாறு, கும்பகோணம்

ஐயா, முடியும். தாராளமாக முடியும். நான் அந்தப் பக்கம் மிதித்திருக்கிறேன், நானும் உங்களைப்போல மேடு பார்க்காமல் வளர்ந்தவன்தான். மேயில் போகிறீர்கள் என்பதும் நல்லதே, ஜூலை ஆகஸ்டில் அங்கே வெயில் 35 டிகிரியைத் தாண்டும், ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டிக் கடற்கரை ஊர்களில் அறையும் கிடைக்காது. மேயில் கோதுமை பச்சையாக நிற்கும், திராட்சைக் கொடி துளிர்த்திருக்கும், கடைக்காரர்களுக்கும் உங்களோடு பேச நேரமிருக்கும்.

முதலில் அந்த நிலம் எப்படி அமைந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள், பாதிப் பயம் அதிலேயே போய்விடும். மேற்கே அப்பெனைன் மலைத்தொடர், கிழக்கே கடல். மலையிலிருந்து கடலுக்கு ஆறுகள் ஏறத்தாழ இணையாக இறங்குகின்றன: மெத்தாவ்ரோ, செசானோ, மீசா, எசினோ, மூசோனே, பொத்தென்ஸா, கியெந்தி என்று வரிசையாக. இரண்டு ஆறுகளுக்கு நடுவில் ஒவ்வொரு நீளமான குன்று வரிசை, ஊர்கள் பெரும்பாலும் அந்தக் குன்றுகளின் உச்சியில், பழைய மதிலோடு. நம் வெண்ணாறும் வெட்டாறும் குடமுருட்டியும் அரசலாறும் பக்கம் பக்கமாகக் கிழக்கே போகிற மாதிரிதான். நாம் வடக்கு தெற்காகப் போனால் பாலம் பாலமாகக் கடப்போம், அங்கே வடக்கு தெற்காகப் போனால் குன்று குன்றாக ஏறி இறங்க வேண்டும். எல்லா வித்தியாசமும் அந்த ஒன்றில் இருக்கிறது.

வெளியூர்க்காரர்கள் வரைபடத்தைப் பார்த்து இந்த ஊரிலிருந்து அந்த ஊர் 12 கிலோமீட்டர்தானே என்று குறுக்கே கிளம்பி, மூன்றாவது குன்றில் கால் வெலவெலத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிப் போகாதீர்கள். காலையில் ஆற்றுப் பள்ளத்தாக்கோடு மேற்கே மிதியுங்கள், அது ஏறக்குறைய சமதளம். ஒரே இடத்தில் நிதானமாகக் குன்றின் மேல் ஏறுங்கள். அப்புறம் குன்றின் முதுகில் ஓடுகிற சாலையைப் பிடித்துக் கடலைப் பார்த்துத் திரும்புங்கள். முதுகுச் சாலையிலும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் ஒரு நாளைக்குப் பெரிய ஏற்றம் ஒன்றோடு போய்விடும். இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு தெரியும், தோட்டங்கள் சாலை வரை வந்து நிற்கும், தூரத்தில் கடல் ஒரு நீலக் கோடாகக் கூடவே வரும். மகளின் தோழி அனுப்பிய படம் அநேகமாக அப்படி ஒரு முதுகுச் சாலையில் நின்று எடுத்ததுதான்.

தங்குவதற்கு செனிகாலியா நல்ல ஊர். மீசா ஆறு கடலில் சேருகிற இடம், நீளமான மணல் கடற்கரை, ரயில் நிலையம் ஊருக்குள்ளேயே. போலோன்யாவிலிருந்து அங்கோனா போகிற ரயில் பாதை ரிமினிக்குப் பிறகு கடலை ஒட்டியே வருகிறது, வழியில்தான் செனிகாலியா. தினமும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் மாறுவதைவிட, ஓர் அறையில் பையை வைத்துவிட்டு வெறும் சைக்கிளோடு சுற்றுவது உங்களுக்கு வசதி. 10 கிலோ சுமை சமவெளியில் தெரியவே தெரியாது, ஏற்றத்தில் ஒவ்வொரு மிதியிலும் தெரியும்.

முதல் சுற்றாக மீசா பள்ளத்தாக்கில் போய் ஒஸ்த்ரா ஏறி, மொர்ரோ தால்பா போய்த் திரும்பலாம். இரண்டுமே 200 மீட்டர் உயரத்துக்குள்தான். மொர்ரோ தால்பாவில் மதிலின் மேலேயே ஊரைச் சுற்றி வருகிற கூரை வேய்ந்த நடைபாதை இருக்கிறது, அதைப் பார்க்காமல் வராதீர்கள். லாக்ரிமா என்கிற கருந்திராட்சை அந்த ஊர் வட்டாரத்துக்கே உரியது. அடுத்தது எசினோ ஆற்றோடு யேசி. அங்கிருந்து குப்ராமொந்தானாவுக்கு ஏறலாம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம், உங்கள் பயணத்தின் பெரிய ஏற்றம் இதுவாக இருக்கட்டும். வெர்திக்கியோ என்கிற வெள்ளைத் திராட்சையின் நாடு இது, 1968-லேயே அரசாங்கம் இந்த வட்டாரத்து மதுவுக்குத் தோற்ற இட அங்கீகாரம் கொடுத்துவிட்டது. குப்ராமொந்தானாவிலிருந்து ஸ்தாஃபொலோ வழியாக முதுகோடு இறங்கி யேசி வந்தால் அந்த நாள் முடிந்தது. கால் ஓய்ந்துவிட்டால் யேசியிலேயே ரயில் ஏறிவிடுங்கள். அங்கோனாவிலிருந்து ரோம் போகிற பாதை அந்தப் பள்ளத்தாக்கில்தான் ஓடுகிறது, ஃபல்கொனாராவில் மாறி செனிகாலியா. நினைத்த இடத்தில் பயணத்தை நிறுத்த முடியும் என்கிற தைரியம் இருந்தால் மனிதன் நன்றாக ஏறுவான், நான் கண்ட உண்மை.

மழை பெய்தால் அதே ரயிலில் ஜெங்கா போய் ஃப்ரசாஸ்ஸி குகைகளைப் பாருங்கள், 1971-ல் கண்டுபிடிக்கப்பட்டவை, பெரிய பெரிய சுண்ணாம்புத் தூண்கள். மழை நின்ற மறுநாள் மண் சாலைகளுக்குள் போக வேண்டாம், அங்கே களிமண், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது.

கோனெரோ மலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 572 மீட்டர், கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கும். சாலை உச்சிக்குப் போகாது, தோளில் சுற்றிக்கொண்டு அங்கோனாவிலிருந்து சிரோலோ, நுமானா என்று இறங்கும். சுற்றிலும் மொந்தெபுல்ச்சானோ கருந்திராட்சை. இடது பக்கம் மரங்களுக்கு நடுவே கடல் தெரிந்து தெரிந்து மறையும். எனக்கு அந்தச் சாலை மேல் இருக்கிற பிரியத்தைச் சொன்னால் இன்னும் ஒரு பக்கம் ஆகும். வழியில் போர்த்தொநோவோ கடற்கரைக்கு இறங்கினால் அதே செங்குத்தில் திரும்ப ஏற வேண்டும், அதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள்.

பச்சைமலைப் பாதை, துறையூர்

அரசலாறு வழியைச் சொல்லிவிட்டார், நான் காலையும் சைக்கிளையும் பற்றிச் சொல்கிறேன்.

சார், இனிமேல் கிலோமீட்டரைக் கணக்குப் போடாதீர்கள், எத்தனை மீட்டர் ஏறுகிறோம் என்று கணக்குப் போடுங்கள். தஞ்சாவூரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர்தான், அங்கிருந்து நாகப்பட்டினம் 80 கிலோமீட்டர் சொச்சம், அவ்வளவு தூரத்தில் மொத்தமே அந்த 60 மீட்டர் இறக்கம். மார்க்கேயில் குன்றுகளைக் குறுக்கே வெட்டிப் போனால் 50 கிலோமீட்டருக்குள் 1000 மீட்டர் ஏறிவிடுவீர்கள். வழித்தடம் போடுகிற செயலிகள் எல்லாவற்றிலும் ஏற்றக் கணக்கு வரும், அதைப் பார்த்து முதல் இரண்டு நாள் 500 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் எங்கே எத்தனை சதவீதம் என்பதையும் பாருங்கள். அந்தப் பக்கத்தில் 20 சதவீதத்தைத் தொடுகிற குட்டிச் சுவர்கள் உண்டு, மார்ச் மாதம் நடக்கிற திர்ரேனோ-ஏட்ரியாட்டிகோ பந்தயத்தில் தொழில்முறை வீரர்களையே அவை கலைத்துவிடும். ஊருக்குள் நுழைகிற கடைசி 300 மீட்டர்தான் பெரும்பாலும் அப்படி இருக்கும், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், ஒரு குறையும் இல்லை.

கியர்தான் உயிர். பெரியவர் ஒருவர், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 95 கிலோ என்று வையுங்கள். 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 7 கிலோமீட்டரில் போகவே ஏறத்தாழ 190 வாட் வேண்டும், அதுவே நம் வயதுக்குக் கடினம். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் இருந்தால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று, நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் 7.5 கிலோமீட்டர் வேகம் வரும். அதைவிடப் பெரிய கியர்தான் இருக்கிறது என்றால், ஒன்று வேகமாகப் போக வேண்டும், இல்லை முழங்காலைப் பணயம் வைத்து அழுத்த வேண்டும். நம் ஊர் ஹைபிரிட்டில் முன்னால் மூன்று பல்சக்கரம் (செயின்ரிங்) வைத்து சின்னது 28 பல் இருந்தால் அது பொன்னான விஷயம். வாடகைக்கு எடுப்பதானால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, கடைசி கியரில் முன் பல்லைவிடப் பின் பல் பெரிதாக இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

பயிற்சிக்கு ஊரிலேயே ஒரு நல்ல வாத்தியார் இருக்கிறார், காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அந்தக் காற்றை எதிர்த்து நாகையிலிருந்து திருவாரூர் பக்கம் மேற்கே மிதியுங்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் எதிர்காற்றில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்று உங்களைத் தள்ளுகிற விசை ஏறத்தாழ 4 சதவீத ஏற்றம் இழுக்கிற இழுவைக்குச் சமம். மணிக்கணக்காக விடாமல் மிதிக்கிற தம் அதில் வந்துவிடும். ஆனால் காற்று சொல்லித் தராத விஷயம் இரண்டு: மெதுவான சுழற்சியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஏறுவது, அப்புறம் இறங்குவது.

இறக்கத்தைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். டெல்டாக்காரர்கள் ஏற்றத்துக்குப் பயப்படுகிறார்கள், ஏற்றத்தில் அதிகபட்சம் மூச்சு வாங்கும், நின்றுவிடலாம். இறக்கத்தில் 50 கிலோமீட்டர் வேகம் தானாக வரும், வளைவு தெரியாது, வாழ்நாளில் பிரேக்கை அப்படிப் பிடித்துப் பழகியிருக்க மாட்டோம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் பிரேக் பிடிக்கக் கூடாது, தொடர்ந்து அழுத்தாமல் பிடித்துப் பிடித்து விட வேண்டும், இல்லாவிட்டால் ரிம் சூடாகும். இதெல்லாம் படித்து வராது, செய்து பார்க்க வேண்டும். எங்கள் பச்சைமலைக்கு வாருங்கள், சோபனாபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டி ஏறி இறங்குங்கள், வண்டிப் போக்குவரத்து குறைவு. அது கைவந்ததும் கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவு. அதில் நிதானமாக இறங்கத் தெரிந்துவிட்டால் மார்க்கேயில் நீங்கள் பார்க்கிற எந்த இறக்கமும் பயமுறுத்தாது. வாடகை சைக்கிளில் எந்தக் கைக்கு முன் பிரேக் என்று கிளம்புவதற்கு முன் பாருங்கள், நம் வண்டிக்கு நேர்மாறாக இருக்க வாய்ப்பு அதிகம்.

உப்புக்காற்று, நாகப்பட்டினம்

அண்ணா, நான் வேளாங்கண்ணி பக்கத்துப் பெண், அங்கோனாவில் வேலை பார்த்த காலத்தில் ஊரைச் சைக்கிளில்தான் சுற்றினேன். அண்ணிக்கு என் வணக்கம், தைரியமாக வரச் சொல்லுங்கள்.

பேட்டரி சைக்கிள் கேட்டீர்களே, கட்டாயம் எடுங்கள். அங்கே 60, 70 வயதுக்காரர்கள் அதில்தான் குன்றெல்லாம் ஏறுகிறார்கள், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். ஐரோப்பியச் சட்டப்படி மோட்டார் 250 வாட், மிதித்தால்தான் உதவும், 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் உதவி நின்றுவிடும். ஊரிலிருந்து கொண்டுவரவே முடியாது, 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், சைக்கிள் பேட்டரி அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. அங்கேதான் வாடகைக்கு எடுக்க வேண்டும். இன்னொன்று, அண்ணி பேட்டரியில் ஏறும்போது நீங்கள் அவர்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் பார்க்காதீர்கள், உச்சியில் காத்திருக்கச் சொல்லுங்கள்.

ரயிலில் சைக்கிள் படம் போட்ட வட்டார ரயில்களில் சைக்கிளை அப்படியே ஏற்றலாம், அதற்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். மடக்கு சைக்கிளுக்குக் காசில்லை. அதிவேக ரயிலில் முழு சைக்கிளை ஏற்ற முடியாது, கழற்றிப் பையில் போட்டால்தான். வேலைநிறுத்தம் அறிவித்திருந்தால் வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 ஓடுகிற வட்டார ரயில்களை நம்பலாம்.

சாலையில் வலது பக்கம் போக வேண்டும், இது தெரிந்த விஷயம்தான், ஆனால் காலையில் அறையிலிருந்து ஆளில்லாத தெருவில் இறங்கும்போதும் இடது பக்கம் திரும்பும்போதும் கை பழக்கத்தில் இடது ஓரத்துக்கே போகும். அந்த இரண்டு நொடிதான் ஆபத்து, ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். ரவுண்டானாவில் உள்ளே சுற்றிக்கொண்டு இடதுபுறத்திலிருந்து வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு ஊருக்கு வெளியேயும், சுரங்கச் சாலையிலும் ஒளிரும் மேலாடை சட்டப்படி கட்டாயம். பொதுவாக வண்டிக்காரர்கள் பொறுமையாகத் தாண்டுவார்கள், ஆனால் பள்ளத்தாக்குச் சாலைகளில் சரக்கு வேன்கள் வேகம். இத்தாலியைச் சுற்றுகிற ஜிரோ சைக்கிள் பந்தயத்தில் 2011 பட்டம் பெற்ற மிக்கேலே ஸ்கார்போனி இந்தக் குன்றுகளில் உள்ள ஃபிலொத்ரானோ ஊர்க்காரர், 2017 ஏப்ரலில் சொந்த ஊரில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது ஒரு வேன் மோதித்தான் இறந்தார். அந்த வட்டாரத்தில் இன்றைக்கும் சைக்கிள்காரர்கள் அவர் பேரைச் சொல்லாமல் சாலைப் பாதுகாப்பு பேசுவதில்லை. பகலிலும் பின்விளக்கை எரியவிடுங்கள். ஆற்றோடு போகும்போது நெடுஞ்சாலையை விட்டு உள்சாலை இருக்கிறதா என்று பாருங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். கிரேஷா என்று நம் பரோட்டா அளவில் ஒரு தட்டை ரொட்டி, வதக்கிய கீரை வைத்துக் கேளுங்கள், வயிறு நிறையும். தக்காளி பாஸ்தா எங்கேயும் உண்டு. வின்சிஸ்க்ராஸ்ஸி என்று அடுக்கடுக்காக வருவதில் இறைச்சி இருக்கும், ஆலிவ் காய்க்குள் அடைத்துப் பொரிப்பதிலும் இறைச்சிதான், சூப் என்றால் எதில் கொதிக்க வைத்தது என்று கேளுங்கள். பார் என்று பலகை இருந்தால் அண்ணி தயங்காமல் நுழையலாம், காலை காபியும் இனிப்பு ரொட்டியும் விற்கிற இடம் அது, குழந்தைகளோடு எல்லோரும் வருவார்கள். மதியம் 1 மணிக்குக் கடைகள் சாத்தினால் 4 மணி வரை திறக்காத ஊர்கள் நிறைய, ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு முன் கிடைக்காது. அதனால் மதியத்துக்கான பழமும் ரொட்டியும் காலையிலேயே வாங்கிப் பையில் வைத்துவிடுங்கள். ஊர்ச் சதுக்கத்தில் குழாய்த் தண்ணீர் வரும், குடிக்கக் கூடாது என்றால் நோன் பொத்தாபிலே என்று எழுதியிருக்கும்.

நுமானாவிலிருந்து ஒரு காலைப் பொழுதில் லொரேத்தோ போய்விடலாம். மாதாவின் வீட்டையே கொண்டுவந்து வைத்ததாக நம்புகிற பேராலயம், உலகம் முழுக்க இருந்து யாத்திரைக்கு வருவார்கள். நடந்து வருகிறவர்கள், முழங்காலில் நகர்கிறவர்கள், நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவருகிறவர்கள் என்று எல்லோரையும் பார்த்தபோது வேளாங்கண்ணி கொடியேற்றக் கூட்டத்தில் நிற்பதாகவே எனக்கு இருந்தது. எந்த மதமானாலும் போய்ப் பாருங்கள். ரயில் நிலையம் கீழே, கோயில் மேலே, திரும்பும்போது இறக்கம்தான்.

தேரடி வீதி, திருவாரூர்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். முதல் தடவை போகிறவர்களுக்கு, அதிலும் முழங்கால் வலி இருக்கிறவர்களுக்கு, மார்க்கே எதற்கு? அதற்குத் தெற்கே அப்ருஸ்ஸோவில் ஒர்த்தோனாவிலிருந்து வாஸ்தோ வரை, கைவிட்ட பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள், சுமார் 42 கிலோமீட்டர், கடலை ஒட்டியே, மேடே கிடையாது. கடலுக்குள் கால் ஊன்றி நிற்கிற த்ரபொக்கி என்கிற மர மீன்பிடி மேடைகளை வழியெல்லாம் பார்க்கலாம். திராட்சைக் குன்று வேண்டுமென்றால் எந்த இடத்தில் வேண்டுமானாலும் உள்ளே ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிவிடலாம். இல்லாவிட்டால் மேற்குக் கடற்கரையில் பொல்கெரி, 5 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரம் நிற்கிற நேர்ச்சாலை, தோட்டங்கள் பெரும்பாலும் அடிவாரத்திலேயே. படங்களில் அதிகம் வருகிற சிங்க்வே தெர்ரே பக்கம் சைக்கிளோடு போகாதீர்கள், ஊர்களுக்கு நடுவே இருப்பது நடைபாதை, சைக்கிள் விட மாட்டார்கள், சாலையோ படு செங்குத்து.

அரசலாறு, கும்பகோணம்

தேரடி சொன்ன அப்ருஸ்ஸோ பாதை அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் இவர் கேட்டது குன்றில் ஏற முடியுமா என்று. வாழ்நாள் பூராவும் சமதளத்தில் மிதித்தவர், ஒரு குன்றின் மேல் சொந்தக் காலால் ஏறி நின்று, தான் வந்த வழியைத் திரும்பிப் பார்க்க ஆசைப்படுகிறார். அவரைக் கடலோரச் சமதளத்திலேயே விட்டுவிட்டால் தரங்கம்பாடிக்குப் போன கணக்காகிவிடும். இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாமே? ஒர்த்தோனாவும் வாஸ்தோவும் அதே ஏட்ரியாட்டிக் ரயில் தடத்தில்தான் இருக்கின்றன. முதல் இரண்டு நாள் அந்தப் பாதையில் வலது பக்கப் போக்குவரத்தும் வாடகை சைக்கிளும் கைக்கு வரட்டும், அப்புறம் ரயிலில் வடக்கே செனிகாலியா வந்து குன்றுக்குப் போகலாம்.

குடமுருட்டிக் கரை, பாபநாசம்

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. வீட்டுக்காரியும் உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். முதலில் அப்ருஸ்ஸோ, அப்புறம் செனிகாலியா என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு பேருக்கும் வாடகை சைக்கிள், அவளுக்குப் பேட்டரி வைத்தது. இந்த ஆடியில் நாகை சாலை, ஐப்பசி மழை விட்டதும் பச்சைமலை. பச்சைமலைக்காரர் முன்னால் இறங்கிக் காட்டினால் பின்னாலேயே வருகிறோம்.

மைத்துனர் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. குடிக்காதவர்கள் அந்தத் தோட்டங்களுக்குள் போகலாமா, மரியாதையாக இருக்குமா?

உப்புக்காற்று, நாகப்பட்டினம்

தாராளமாகப் போகலாம் அண்ணா. சின்னத் தோட்டங்கள் பெரும்பாலும் குடும்பமாக நடத்துகிறவை, முந்தின நாளே போனில் சொல்லிவிட்டுப் போக வேண்டும், திடீரென்று போனால் ஆள் வயலில் இருப்பார். ருசி பார்க்கிற இடத்தில் வாயில் வைத்துவிட்டுத் துப்புவதற்கே பாத்திரம் வைத்திருப்பார்கள், வாயிலேயே வைக்காமல் தோட்டத்தையும் பீப்பாய் அறையையும் மட்டும் பார்க்க விரும்புகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பார்வைக் கட்டணம் இருந்தால் கொடுத்துவிடுங்கள். பல இடங்களில் ஆலிவ் எண்ணெயும் அவர்களே ஆட்டுகிறார்கள், அதை வாங்கி வாருங்கள். குடிக்கிறவர்கள் கூட வந்தால் ஒன்று சொல்லிவிடுங்கள், ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்கிற வரம்பு அங்கே சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் உண்டு, அதற்கு மேல் போனால் தண்டனை உண்டு, அதோடு குடித்துவிட்டு அந்த இறக்கங்களில் இறங்குவது உயிரோடு விளையாடுவது.

நீங்கள் விவசாயி என்பதைச் சொல்லுங்கள், அதுதான் முக்கியம். நெல்லுக்கு எப்போது தண்ணீர் வரும், எத்தனை போகம், கூலி எவ்வளவு என்று அவர்கள் கேட்பார்கள், கொடியை எப்போது கவாத்து செய்வது, ஆலங்கட்டி மழை வந்தால் என்ன ஆகும், பிள்ளைகள் நிலத்தைப் பார்க்கிறார்களா என்று நீங்கள் கேளுங்கள். மே மாதத்தில் கொடியில் வேண்டாத துளிரைக் கையால் கிள்ளுகிற வேலை நடந்துகொண்டிருக்கும், நின்று பாருங்கள். மகளை மொழிபெயர்க்க வைத்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. மைத்துனரிடம் இதைச் சொல்லுங்கள்.

விசாவுக்கு இப்போதே தயாராகுங்கள், பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும், தங்குமிட முன்பதிவும், நிலத்துப் பட்டா, வங்கிக் கணக்கு விவரமும் சேர்த்து வையுங்கள். காப்பீட்டில் சைக்கிள் பயணமும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.